விரலுக்கு ஒரு ஷேடு

“கேக்குக்குங்களா, நெயிலுக்குங்களாக்கா?” என்று கடைக்காரத் தம்பி கேட்டதும் எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. பெயின்ட்டைக் காற்றோடு புகையாகத் தூவும் ஏர்பிரஷ் கன் வேண்டும் என்று வந்து நிற்கிறவளிடம் கேட்கிற கேள்வியா இது? பிறகுதான் புரிந்தது. இப்போது அதை வாங்குகிறவர்கள் கேக்கின் மேல் ரோஜாப்பூ அடிக்கிறவர்களும், கல்யாணப் பெண்ணுக்கு நகம் அலங்கரிக்கிறவர்களும்தானாம்.

“வெரலுக்குங்க” என்றேன்.

“அதானுங்க, நெயிலுக்குத்தான?”

“நகத்துக்கு மட்டும் இல்லீங்க. முழு வெரலுக்கு.”

அவர் என்னை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டு, கண்ணாடி அலமாரியைத் திறந்தார்.

என் கணவர் கட்டிங் மாஸ்டர். அடுக்கி வைத்த துணியை வெட்டும் மெஷினில் அவருடைய வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. இரண்டிலும் அடிக்கணு மட்டும் மிச்சம். எங்கள் ஒரே மகள் அப்போது பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தாள். கம்பிக் கையுறை போடாமல் ஏன் வெட்டினீர்கள் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்று சண்டை போட்டேன். அழுகை வந்தால் அதை மறைக்க எனக்குச் சண்டை ஒன்றுதான் தெரியும்.

திருப்பூரில் விரல் போனவர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. டீக்கடையில் நின்றாலே பார்க்கலாம். அவர்களெல்லாம் அந்தக் கையாலேயே டம்ளரைப் பிடித்து, அந்தக் கையாலேயே சீட்டாடி, அந்தக் கையை நீட்டியே சண்டையும் போடுகிறார்கள். இவருக்கு மட்டும் அது முடியவில்லை. வெளியே போனால் கை பேன்ட் பாக்கெட்டில் இருக்கும். விசேஷ வீடென்றால் துண்டு ஒன்று கையைச் சுற்றிக்கொள்ளும். பந்தியில் உட்காரவே மாட்டார். தாலி கட்டியதும் யாருக்கும் சொல்லாமல் நழுவி வீட்டுக்கு வந்து, “தயிர்சோறு இருக்குதா புள்ள?” என்பார். என்னிடம்கூட அந்தக் கையை அவர் நீட்டியதில்லை. நானும் வற்புறுத்தவில்லை. அப்படியே வருடங்கள் ஓடிவிட்டன.

மகளுக்கு நல்ல இடத்தில் சம்பந்தம் அமைந்தது. நிச்சயத்தன்று வெற்றிலை மாற்றிய பிறகு மாப்பிள்ளையின் பெரியம்மா வெகு இனிமையாக ஆரம்பித்தார். “ஒண்ணு சொன்னா தப்பா நெனைக்கக் கூடாதுங்க. கொறை இருக்கற கையில தாரை வாக்கறது எங்க பக்கம் வழக்கமில்லீங்க. பொண்ணோட சித்தப்பாரு இருக்கறாருங்களே, அவரு நின்னா ஆச்சுங்களே.” தாரை வார்க்கும்போது தகப்பன் மகளின் கையை எடுத்து மாப்பிள்ளை கையில் வைக்க, தாய் அதன் மேல் நீர் வார்ப்பாள். அதற்குத்தான் இந்தப் பேச்சு. மாப்பிள்ளையின் அப்பா, “அதெல்லாம் உங்க இஷ்டமுங்க” என்று தரையைப் பார்த்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் முந்திக்கொண்டார். “தம்பியே நிக்கட்டுமுங்க. அதுல என்னுங்க இருக்குது?” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். ரோஷமே இல்லையா என்றேன். அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: “அவீக சொல்லாட்டியும் நான் மேடையேறி இருக்கமாட்டேன் புள்ள. எல்லாரும் என் கையத்தான் பாப்பாங்க. பொண்ணப் பாக்கமாட்டாங்க.” சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு, “வெரலு ரண்டும் இருந்திருந்தா நின்னிருக்கலாம்” என்றார். இத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து அந்த ஆசை வந்தது அன்றைக்குத்தான். என்ன ஆனாலும் இந்த மனுஷன் மேடையில் நின்று தன் மகளைத் தானே பிடித்துக் கொடுக்க வேண்டும் என்று நான் முடிவு செய்துகொண்டேன்.

கோயம்புத்தூரில் செயற்கைக் கை கால் செய்கிற இடத்தில் அளவெடுத்து சிலிக்கான் விரல்கள் செய்து கொடுத்தார்கள். மிச்சமிருக்கும் கணுவின் மேல் உறை மாதிரி மாட்டிக்கொள்ளலாம். ரேகை, நகம், முட்டியின் சுருக்கம் எல்லாம் அச்சு அசலாக இருந்தன. நிறம் மட்டும் பொதுவான ஒரு வெளிர் நிறம். ஆளுக்குத் தக்கபடி நிறம் பொருத்துகிறவர் வெளியூரிலிருந்து வருவாராம். அவர் அடுத்து வரும் நாள் கல்யாணத் தேதிக்குப் பிறகுதான் இருந்தது. “கலர நான் பாத்துக்கறனுங்க” என்றேன். அளவெடுத்தவர் எந்தப் பெயின்ட் ஒட்டும், எது ஒட்டாது என்று பொறுமையாக விளக்கினார். நான் பாதியைத்தான் காதில் வாங்கினேன். பெயின்ட்டைப் பற்றி எனக்கே பாடமா என்ற இளக்காரம்.

அந்த இளக்காரத்துக்குக் காரணம் உண்டு. என் கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலும் நெருப்பெரிச்சல் என்கிற பக்கத்து ஊரில், துணியில் படம் அச்சடிக்கும் ஒரு பிரின்டிங் கம்பெனியின் ஆர்ட் செக்‌ஷனில் நான்தான் ஏர்பிரஷ் பிடித்தவள். அச்சுக்கு ஸ்கிரீன் போடுவதற்கு முன், ஆர்டர் கொடுக்கிற பையருக்குக் காட்ட ஒரு சாம்பிள் வேண்டும். அட்டையை வெட்டி மறைத்து, டி-ஷர்ட்டின் மேல் புலியும் கிளியும் படகுமாக நான் அடித்துத் தள்ளுவேன். பிறகு கம்ப்யூட்டரில் போட்டதை அப்படியே துணியில் அச்சடிக்கும் மெஷின் வந்தது. என்னைச் செக்கிங்குக்கு மாற்றினார்கள். எனக்கு அதில் பெரிய துக்கமெல்லாம் இல்லை. உட்கார்ந்து செய்கிற வேலை, முதுகுக்கு நல்லது என்று போய்விட்டேன். அன்றிலிருந்து பனியனின் உடம்பும் கையும் ஒரே ஷேடில் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு.

பழைய கன்னைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். ஊசி வளைந்திருந்தது. உள்ளே இருந்த ரப்பர் வாஷர்கள் விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தன. சரி, புதிதாகவே வாங்கிவிடலாம் என்றுதான் அந்தக் கடைக்குப் போனேன். கடைக்காரத் தம்பி பேனா மாதிரி ஒன்றைக் காட்டினார். சார்ஜ் போட்டால் போதும், கம்ப்ரஸரே தேவையில்லை என்றார். அமுக்கிப் பார்த்தேன். காற்று விட்டு விட்டு வந்தது. கேக்குக்கு அது போதும். தோலுக்குப் போதாது. அமுக்கினால் காற்று, பின்னால் இழுத்தால் பெயின்ட் என்று இரண்டையும் தனித்தனியாக அடக்கியாளும் கன்தான் எனக்குப் பழக்கம். மெல்லிய ஊசி, மேலே சொட்டுக்கணக்கில் ஊற்றும் சின்னக் கிண்ணம். கூடவே காற்றைச் சேர்த்து வைக்க டாங்க் உள்ள சிறிய கம்ப்ரஸர் ஒன்று. காற்றின் ஈரத்தைப் பிடித்து வைக்கும் கண்ணாடிக் குடுவையும் அதில் இருக்கிறதா என்று பார்த்து வாங்கினேன். மழைக்காலத்தில் அது இல்லையென்றால் பெயின்ட்டோடு தண்ணீரையும் சேர்த்துத் துப்பும். நடுவிரலால் கன்னைத் தாங்கி, ஆள்காட்டி விரலால் குமிழை இழுத்துப் பார்த்தபோது கைக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. அவருக்கு இல்லாத அந்த இரண்டு விரலாலேயே நான் இந்த வேலையைச் செய்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. கடையில் நின்றுகொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

முதலில் எனக்குத் தெரிந்த துணிப் பெயின்ட்டை அடித்தேன். அழகாகப் பிடித்தது. மறுநாள் வெங்காயத் தோலாக உரிந்து வந்தது. சிலிக்கானில் சிலிக்கான்தான் ஒட்டும் என்று கோயம்புத்தூர்க்காரர் சொன்னது அப்போது ஞாபகம் வந்தது. சிலிக்கானில் கரைக்கும் நிறங்களையும், அதை நீர்க்க வைக்கும் திரவத்தையும் வரவழைத்தேன். நெடி ஆளைத் தூக்கியது. முகமூடி போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, மருந்துக்கடையில் வாங்கிய ரப்பர் கையுறையோடு உட்கார்ந்து அடித்தேன். இந்தத் தடவை காயவே இல்லை. நாள் முழுக்கப் பிசுபிசுவென்று கிடந்தது. நாங்கள் இருப்பது நல்லூரில், பக்கத்துச் சந்தில் நிட்டிங் மெஷின் ஓடுகிறது. ஜன்னல் வழியாக வந்த பஞ்சுத் தூசியெல்லாம் அதன் மேல் ஒட்டிக்கொண்டது. வேலை முடிந்து வந்தவர் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, “வெரலுக்கு முடி மொளச்சிருச்சு புள்ள” என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

கோயம்புத்தூருக்குப் போன் போட்டேன். “கையில என்ன கிளவுஸ் போட்டீங்க?” என்றார் அவர்.

“ரப்பருங்க.”

“அதானுங்க. ரப்பர் பட்டா சிலிக்கான் காயாது. மொதல்லயே சொன்னனுங்களே.”

சொல்லியிருப்பார். நீல நிறத்தில் வரும் வேறு கையுறை வாங்கினேன். ஜன்னலுக்கு ஈரத்துணி கட்டினேன். முடித்த கையோடு கன்னைப் பிரித்துக் கழுவவும் பழகினேன். இல்லாவிட்டால் உள்ளேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும்.

அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பித்தது. மாநிறம் என்று ஒரே சொல்லில் ஒருவரின் தோலைச் சொல்லி முடித்துவிடுகிறோம். உட்கார்ந்து பார்த்தால் ஒரு கையில் எத்தனை நிறம்! முட்டியில் காப்பிக் கறுப்பு, விரலிடுக்கில் வெளிர் மஞ்சள், நகத்தடியில் ரோஜா, புறங்கையில் பச்சை நரம்பு. முதலில் சிவப்பைப் புள்ளி புள்ளியாகத் தூவி, அதன் மேல் மஞ்சள் கலந்த பழுப்பைப் புகையாக விட்டு, பிறகு முட்டியை இருட்டாக்க வேண்டும். கம்பெனியில் துணிக்குச் சாயம் போடுமுன் சின்னத் துண்டில் போட்டு அப்ரூவல் வாங்குவோம். அதே மாதிரி சிலிக்கான் துண்டுகளில் அடித்து அவர் கையோடு வைத்து வைத்துப் பார்த்தேன்.

அதற்கு அவர் கையை மேஜை மேல் வைத்தாக வேண்டும். முதல் நாள் கூச்சத்தோடு வைத்தார். மிச்சமிருந்த கணுவை நான் தொட்டதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். போகப் போக, ஷிப்ட் முடிந்து வந்து காப்பி குடித்ததும் தானாகவே கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அந்தக் கணுவின் நுனியில் தோல் குழந்தையின் உள்ளங்கால் போல மெத்தென்று இருந்தது. அது எனக்குப் புதிது. இத்தனை வருடக் குடித்தனத்தில் அதை நான் தொட்டதில்லை. ஒரு நாள், கேட்காமலே, அடிபட்ட அன்றைக்கு நடந்ததைச் சொன்னார். விரல் போனது முதலில் அவருக்குத் தெரியவில்லையாம். வெள்ளைத் துணி அடுக்கில் ரத்தம் பட்டுவிட்டதே, ஷிப்மென்ட் என்னாகும் என்றுதான் பதறினாராம். “என்ன ஆளுங்க நீங்க?” என்று திட்டிவிட்டு, அவர் கையை என் மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். எனக்கு வாய்த்த நல்ல நாட்கள் எவை என்று யாராவது கேட்டால் அந்த நாட்களைத்தான் சொல்வேன்.

ஒரு மாலை எல்லாம் கூடி வந்தது. மாட்டிப் பார்த்தால் எது நிஜம், எது பொம்மை என்று எனக்கே தெரியவில்லை. காலையில் அவர் அதோடு வாசலுக்குப் போனார். வெயிலில் பார்த்தேன். இரண்டு விரலும் சாம்பல் பூத்து, பிணத்தின் விரல்கள் மாதிரி தெரிந்தன. தலையில் அடித்துக்கொண்டேன். டியூப்லைட்டில் ஒன்றாகத் தெரிகிற இரண்டு ஷேடு வெயிலில் வேறு வேறாகிவிடும் என்பது இந்த ஊரில் செக்கிங்கில் சேர்ந்த மறுநாளே தெரிந்துகொள்கிற விஷயம். அதற்காகவே கம்பெனியில் மூன்று விதமான லைட் உள்ள பெட்டி வைத்திருக்கிறோம். எத்தனை பேரை அதற்காகத் திட்டியிருப்பேன்! வீட்டில் உட்கார்ந்து டியூப்லைட்டில் ஷேடு பார்த்திருக்கிறேன், நான்.

“ரிஜெக்ட்டுங்களா மேடம்?” என்றார் அவர்.

எல்லா வெளிச்சத்துக்கும் பொருந்துகிற மாதிரி கொண்டுவர என்னால் முடியவில்லை. கடைசியில் பையர்கள் செய்வதையே செய்தேன். துணி எந்தக் கடையில் தொங்கப்போகிறதோ அந்தக் கடையின் லைட்டில் ஷேடு பொருந்தினால் போதும் என்பார்கள் அவர்கள். ஆகவே கல்யாண மண்டபத்துக்கே போனோம். மண்டப மேனேஜரிடம் சொல்லி மேடை விளக்குகளைப் போடச் செய்தேன். காலி நாற்காலிகளுக்கு முன்னால், மேடையின் நடுவில் அவர் கையை நீட்டிக்கொண்டு நிற்க, நான் சிலிக்கான் துண்டுகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். “இங்கதான் நிக்கோணுமா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். இருந்த இடத்திலேயே காலை மாற்றி வைத்து நின்று பார்த்துக்கொண்டார். அந்த வெளிச்சத்துக்கு இன்னும் கொஞ்சம் சிவப்பு தேவைப்பட்டது.

தம்பியிடம் அவரே போய்ச் சொன்னார், நானே நிற்கிறேன் என்று. முகூர்த்தத்தில் மகளின் கையை எடுத்து மாப்பிள்ளை கையில் வைத்தார். நான் சொம்பிலிருந்து நீர் வார்த்தேன். என் கண் மட்டும் அந்தப் பெரியம்மாவின் மேல் இருந்தது. அவர் என் கணவரின் கையைப் பார்த்தார். பார்வை அங்கே நிற்காமல் பெண்ணின் வளையலுக்குப் போனது. அந்த நிமிஷம் எனக்கு வந்த கர்வத்தைச் சொல்லி முடியாது. அப்புறம் என் கணவர் சம்பந்தியோடு பந்தியில் உட்கார்ந்து, கையால் பிசைந்து சாப்பிட்டார். சிலிக்கானில் மஞ்சள் ஏறும், ஜாக்கிரதை என்று சொல்லி வைத்திருந்தேன். சாம்பார் பட்டு இரண்டு விரலும் மஞ்சளாகிவிட்டன. போகட்டும், மறுபடி அடித்துக்கொள்ளலாம் என்று தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

புறப்படும் நேரத்தில் மணமகள் அறையில் மகளுக்குப் பூவைச் சரிசெய்தபோது அவள் மெல்லக் கேட்டாள். “ஏனுங்கம்மா, அப்பாவுக்கு அத எதுக்கு மாட்டி உட்டீங்க?”

“ஏன் கண்ணு, ஷேடு மாறித் தெரிஞ்சுதா?”

“ஷேடெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. சில்லுன்னு இருந்துச்சுங்கம்மா. சின்னதுல இருந்து ரோடு தாண்டறப்ப அந்த மொட்டு ரண்டயும் சேத்தித்தான் புடிப்பேன். இப்பவும் அப்பாகூடப் போனா அதத்தான் புடிப்பேன். மேடையில தேடுனேன். இல்ல.”

எனக்கு அது தெரியாது. ஊருக்கும் எனக்கும் மறைத்த கையை அவர் அவளுக்கு மட்டும் கொடுத்து வைத்திருந்திருக்கிறார். இருந்தாலும், “இன்னைக்கு ஒரு நாளைக்குத்தான கண்ணு. நாளைக்குக் கழட்டி வெச்சுருவாரு” என்று சொல்லி அனுப்பினேன். அப்படித்தான் நானும் நம்பினேன்.

அவர் கழற்றவில்லை. கம்பெனிக்கும் அதோடு போனார். பாக்கெட்டிலிருந்து கை வெளியே வந்தது. டீக்கடையில் நின்று பேசுகிறார், விசேஷங்களில் பந்தி முடியும்வரை இருக்கிறார். ஆளே மாறிவிட்டார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். நானும் பட்டேன். ஆனால் குளித்துவிட்டு வரும்போதே இப்போது மாட்டிக்கொண்டு வருகிறார். நிறம் தேய்ந்தால், குளியலறைக் கதவைக் கொஞ்சமாகத் திறந்து ஒரு டம்ளரில் விரல்களைப் போட்டு நீட்டுகிறார். பிறகு கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு டிவி முன்னால் போய் உட்கார்ந்துவிடுகிறார்.

“கைய வெச்சாத்தானுங்க ஷேடு பாக்க முடியும்” என்று ஒரு நாள் கூப்பிட்டேன்.

“அதுதான் நீ அப்ரூவல் துண்டு வெச்சிருக்கறயே புள்ள. அதப் பாத்து அடி.”

அவர் சொன்னது சரி. அப்ரூவல் ஆன துண்டு கையில் இருக்கும்போது மறுபடி ஒரிஜினலைக் கேட்கிற வழக்கம் எங்கள் தொழிலில் இல்லை. நான் கம்ப்ரஸரைப் போட்டேன். முகமூடிக்குள் அழுதால் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிகிறது, அதனால் அழாமல் அடித்து முடித்தேன்.

போன வாரம் மகள் வந்திருந்தாள். திரும்பும்போது பஸ் ஏற்றிவிட மூவரும் போனோம். காங்கயம் ரோட்டில் வண்டிக்குப் பின்னால் வண்டி வந்துகொண்டே இருந்தது. அவள் அவருடைய வலப்பக்கம் போய் நின்று, “அத கழட்டிட்டு கையக் குடுங்கப்பா” என்றாள்.

“நேத்துத்தான் உங்கம்மா அடிச்சுக் குடுத்தா கண்ணு. வெரலு நல்லாத்தான இருக்குது?” என்றார்.

அவர் அவளைச் சுற்றிக்கொண்டு வந்து மறுபக்கம் நின்று, இடது கையை நீட்டினார். அவள் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.